மணி எப்போ அடிக்கும்? – பிள்ளைகளோடு ஐந்து நாள் ஈஸ்டர் பயணம்

வியாழன், ஏப்ரல் 17, 2025 (வேளாங்கண்ணி, இரவு)

பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். அத்தையும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கடல் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் புனித வாரத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அனுசரித்ததே இல்லை. பெரியவள் பிறந்த வருஷம் ஊரடங்கு, கோவில் கதவே திறக்கவில்லை. அப்புறம் சின்னவன் வந்தான். நான் பூசைக்குப் போனால் என் கணவர் வீட்டில், அவர் போனால் நான் வீட்டில் என்றே ஓடியது. "பிள்ளைகளை விட்டுட்டு ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிட்டு வர்றதுக்குப் பேரு பண்டிகையாம்மா?" என்று அத்தை போன மாதம் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைக் கிளப்பியது. பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. முழுசாகப் பார்க்க முடியாது, பாதிப் பூசையில் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். கணவர், அத்தை வீடு லூத்தரன் என்னும் புராட்டஸ்டண்ட் சபை. நான் தவக்காலம் என்றால் அத்தை லெந்து என்பார். நான் பூசை, அவர் ஆராதனை. பிள்ளைகள் இரண்டு சொல்லையும் கலந்துகட்டிப் பேசி வளர்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

திருச்சியில் ரயிலேறி, தஞ்சாவூர், திருவாரூர் தாண்டி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். திருவாரூரைத் தாண்டியதும் வயல்களில் பருத்தி மஞ்சளாகப் பூத்திருந்தது. நாகையிலிருந்து ஆட்டோ. வழியில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்து, "ஏன்பா யாருமே கடலுக்குப் போகல?" என்று கேட்டாள் பெரியவள். முந்தாநாள், ஏப்ரல் 15இல்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். மீன் முட்டையிடும் காலம், அதனால் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் சொன்னார். "அப்போ மீனுக்கு லீவா?" என்றாள். ஆமாம் என்றோம்.

மாலைப் பூசைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. ஓரமாக, வெளியே போகத் தோதான இடமாகப் பார்த்து நின்றோம். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். அதோடு நின்றுவிடும். சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் அதே பாட்டு வரும்வரை எந்த மணியும் ஒலிக்காது. மணி ஓய்ந்ததும் குனிந்து பெரியவளிடம் சொன்னேன்: "கேட்டியா, இதுதான் கடைசி மணி. இனிமே சனிக்கிழமை ராத்திரிதான்."

"ஏன்?"

"இயேசு சாமிக்குத் துக்கம் இல்லையா, அதனால."

"மணி பாவம்மா," என்றாள்.

அப்புறம் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் பெண்களும் இருந்தார்கள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றும்வரை ஆண்களை மட்டும்தான் உட்கார வைப்பார்கள். என் சின்ன வயதில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இன்று மெட்டி போட்ட ஒரு பாட்டியின் வெடித்த குதிகாலைக் குருவானவர் கழுவித் துடைத்து முத்தமிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டி கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். யாரும் தொட்டுப் பழக்கமில்லாத கால் அது.

பீடத்தின் துணிகளை எல்லாம் எடுத்து வெறுமையாக்குவது வரை இருக்க முடியவில்லை, சின்னவன் அழுதுவிட்டான். விடுதிக்கு வந்து கை கால் கழுவப் போன இடத்தில் தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். தம்பியைக் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார வைத்து, அவன் காலைத் தன் மடியில் தூக்கிப்போட்டு, ஒவ்வொரு விரலாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள் பெரியவள். பாவாடை முழுக்க ஈரம். அவனும் ஆடாமல் அசையாமல் குருவானவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துக் கட்டைவிரலில் ஒரு முத்தம். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.


வெள்ளி, ஏப்ரல் 18

காலையில் வெயில் ஏறுவதற்குள் மாதா குளம் வரை நடந்தோம். மணல் பாதை. ஓரமாகச் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள். பாதை நெடுகிலும் முழந்தாளிட்டு நகர்ந்து போகிறவர்கள். சின்னவனும் முட்டி போட்டு நான்கு அடி போனான், அப்புறம் மணலில் வீடு கட்டத் தொடங்கிவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முழந்தாளில் வந்த ஓர் அம்மா அவன் தலையில் கை வைத்துவிட்டுத் தாண்டிப் போனார்.

குளத்தடியில் பால்காரப் பையன் கதையைச் சொன்னேன். நாகப்பட்டினத்து எசமானுக்குப் பால் கொண்டுபோன பையன், ஆலமரத்தடியில் களைப்பாறியபோது, கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து குழந்தைக்குப் பால் கேட்டாள். கொடுத்தான். போய்ச் சேர்ந்து பார்த்தால் பானை நிறையப் பால். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. பெரியவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பாப்பாவுக்குப் பசி அடங்குச்சா?" இத்தனை வருஷம் பானையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

பிள்ளைகளுக்கு இன்று நோன்பு கிடையாது. எங்கள் திருச்சபை விதிப்படி ஒருசந்தி 18 முதல் 59 வயது வரைதான். அத்தைக்கு 68 வயது, அவர் சபைக்கு அந்த விதியும் இல்லை. ஆனாலும் ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி. பன்னிரண்டு மணிக்கு அறையிலேயே உட்கார்ந்து, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தன் வேதாகமத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்தார். அவர்கள் ஆலயத்தில் மூன்று மணி வரை அந்த ஆராதனை நடக்கும். "அங்க இல்லாட்டியும் நேரத்தை விடக்கூடாதுல்ல," என்றார். 'தாகமாயிருக்கிறேன்' வந்தபோது சின்னவன் தன் தண்ணீர் பாட்டிலை அப்பாயியிடம் நீட்டினான். அத்தையால் அதற்கு மேல் கொஞ்ச நேரம் வாசிக்க முடியவில்லை.

மூன்று மணி வழிபாடு. இன்று பூசை கிடையாது. பாட்டு இல்லை, மணி இல்லை, பீடத்தில் துணி இல்லை. குருவானவர் வந்து தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காத அமைதி. அந்த அமைதியில், "ஃபாதர் ஏன் தரையில தூங்குறாங்க?" என்று பெரியவளின் குரல். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து, "ரொம்ப வருத்தமா இருந்தா நீயும் அப்படித்தானே தரையில விழுந்து அழுவே?" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள். டக், டக் என்று வறண்ட ஒலி. "இது மணி இல்லைம்மா," என்றாள். இல்லைதான்.

சிலுவையை முத்தி செய்யும் வரிசையில் வெகுநேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவர் சின்னவனைத் தூக்கிக் காட்டினார். அவன் முத்தமிடவில்லை. ஆணி அடித்த பாதத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "உவ்வா," என்றான். அப்புறம் கன்னத்தை உப்பி, அந்தக் காயத்தின்மேல் ஊ... ஊ... என்று ஊதினான். அவன் விழுந்து அடிபட்டுக்கொண்டால் நாங்கள் அப்படித்தான் ஊதிவிடுவோம். சிலுவையைப் பிடித்திருந்த அருட்சகோதரி, பின்னால் அத்தனை கூட்டம் இருந்தும், அவன் ஊதி முடிக்கும்வரை துணியால் துடைக்காமல் காத்திருந்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய வெள்ளியைக் காட்டக்கூடாது, பயந்துவிடுவார்கள், நேராக ஞாயிறுக்குப் போய்விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரத்தத்தையும் சவுக்கையும் விவரமாகச் சொல்லத் தேவையில்லை, அது உண்மை. ஆனால் இறந்துவிட்டார், அம்மா அழுதார்கள், எல்லோரும் சோகமாக இருந்தார்கள் என்று சொல்லலாம். அந்தச் சோகத்தில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கும் உண்டு. ஊதிவிட ஒரு காயமாவது அவர்களுக்கு வேண்டும்.

வழிபாடு முடிந்து கஞ்சி கொடுத்தார்கள். தேங்காய்த் துவையல் தொட்டுக்கொண்டு பாக்குமட்டைத் தட்டில் குடித்தோம். அத்தை அப்போதுதான் நோன்பை விட்டார்.

இருட்டும் நேரத்தில் கடற்கரை. பிள்ளைகளைக் கணுக்கால் நனையும் இடத்தைத் தாண்ட விடவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இதே கரையில் இருந்த யாத்ரீகர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நட்சத்திரம் தொங்கவில்லை. கடல் இன்று சாதுவாக இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.


சனி, ஏப்ரல் 19 (எழுதும்போது ஞாயிறு அதிகாலை இரண்டு மணி)

பெரிய சனி பகலில் கோவிலில் ஒன்றும் இருக்காது. காத்திருப்பதுதான் வழிபாடு. அத்தையின் நெடுநாள் ஆசைக்கு அந்தப் பகலை ஒதுக்கினோம்: தரங்கம்பாடி. வாடகைக் காரில் நாகூர், காரைக்கால் வழியாக வடக்கே போக வேண்டும். நாகூர் மினாராக்களைக் காரிலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை போட்டு வந்தவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் ஓடுவதற்கு இடம், அவ்வளவுதான். அத்தைக்கு வேண்டியது புதிய எருசலேம் ஆலயம். 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் கட்டியது, 1718இல் பிரதிஷ்டை ஆனது. அடுத்த வருஷமே 36 வயதில் அவர் இறந்துபோக, அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். இங்கிருந்த அச்சகத்தில்தான் தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. கல்லறைக்குப் போன பெண்கள், புரட்டித் தள்ளிய கல், 'அவர் இங்கே இல்லை' – இதெல்லாம் வேதாகமமாகத் தமிழில் முதன்முதலில் அச்சேறி வந்தது இந்த ஊரிலிருந்து. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தக் கல்லருகே தன் வேதாகமத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா எழுத்துக் கற்றதே அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தானாம். இன்றுதான் எனக்கே தெரியும்.

ஊரில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் வேலையாக இருந்தார்கள். புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துகளில் கறுப்பு மை தீட்டிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் பூவும் மெழுகுவத்தியுமாக இங்கே வருவோம் என்று ஓர் அக்கா சொன்னார். பெரியவள் ஒரு மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரோட பேரு இது?" என்று கேட்டாள். "எங்க அப்பாவோடது. நாளைக்குக் காலையில முதல்ல அவருக்குத்தான் நல்ல சேதி சொல்லுவோம்," என்றார் அந்த அக்கா.

மதியம் தூங்கினால்தான் இரவு விழித்திருக்க முடியும் என்று பெரியவளிடம் எவ்வளவோ சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாளே தவிரத் தூங்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "மணி எப்போ அடிக்கும்?"

திருவிழிப்புக்குப் பேராலயக் கூட்டத்தில் பிள்ளைகளோடு நிற்க முடியாது என்பதால், பக்கத்து மீனவர் ஊரின் சிறிய கோவிலுக்குப் போனோம். நல்ல முடிவு. தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போகிற ஆண்கள் எல்லோரும் ஊரில் இருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பிள்ளை.

இரவு பத்தரைக்கு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். கோவில் வாசலில் புதுத் தீ. அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை, அதாவது ஈஸ்டரின் பெரிய மெழுகுதிரியை, ஏற்றும் முன், குருவானவர் அதில் சிலுவை வரைந்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார். மேலே 'அ', கீழே 'ன' என்று அழகாக எழுதியிருந்தார்கள். அகரமும் னகரமும், தொடக்கமும் முடிவும். நடுவில் 2, 0, 2, 5. பெரியவளுக்கு 'அ'வும் எண்களும் தெரியும், வாய்விட்டுப் படித்தாள். "இந்த வருஷத்துக்கான சாமியா?" என்றாள்.

"கிறிஸ்துவின் ஒளி இதோ!" என்று பாடி இருட்டுக்குள் அந்த ஒற்றைத் திரி நுழைந்தது. பின்னாலேயே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நெருப்பு பரவியது. பெரியவள் எரியாத தன் திரியைச் சாய்த்து, பக்கத்துப் பாட்டி நேராகப் பிடித்திருந்த திரியிலிருந்து நெருப்பை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தது அதுதான்: எரிகிற திரியைச் சாய்க்கக்கூடாது, எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். மெழுகு கையில் சொட்டாமலிருக்க அட்டையில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தோம். அவள் முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

பாஸ்கா புகழுரை, அப்புறம் வாசகங்கள். உலகம் படைத்தது, ஆபிரகாம், செங்கடல். செங்கடல் வாசகம் தொடங்கும்போது பெரியவளின் தலை அத்தை மடியில் சாய்ந்துவிட்டது. சின்னவன் என் தோளில் எப்போதோ தூங்கிவிட்டான். எழுப்பவா என்று ஜாடையில் கேட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று அத்தை கையைக் காட்டினார். சரி, கொஞ்சம் பொறுத்து எழுப்பலாம் என்று விட்டேன்.

அந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. 'உன்னதங்களிலே' என்று பாட்டு எழும்பியதும் விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன, திரை விழுந்தது, கல்லறையிலிருந்து கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவர் எழுந்தார், கோபுர மணி, கைமணிகள், வெளியே சரவெடி. சின்னவன் அலறி எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். திரும்பிப் பார்த்தேன். அத்தை தன் இரண்டு கையாலும் பெரியவளின் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்தியிருந்தார். பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று, யோசிக்காமல் செய்த காரியம். பாட்டு முடிந்து, வெடி ஓய்ந்து, மணி நின்ற பிறகுதான் கையை எடுத்தார். அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்த அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, பாதியைவிடச் சற்றுப் பருத்த நிலா கடலுக்கு மேல் அப்போதுதான் எழும்பியிருந்தது. போன ஞாயிறு, குருத்தோலை அன்று, பௌர்ணமி. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் முடிவு செய்து இது 1700ஆவது வருஷம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கும் இந்த வருஷம் இதே நாள். வழியெல்லாம் அத்தை ஒன்றும் பேசவில்லை. பெரியவளைத் தானே தோளில் போட்டுக்கொண்டு வந்தார், என் கணவர் கேட்டும் கொடுக்கவில்லை.


ஞாயிறு, ஏப்ரல் 20

எழுந்ததும் முதல் கேள்வி அதேதான். பொய் சொல்லவில்லை. மணி அடித்தது, நீ தூங்கிவிட்டாய் என்றேன். அவள் கத்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கீழுதடு துடிக்க, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அப்பாயிதான் சாமி உன் காதைப் பொத்திட்டேன். வெடிச் சத்தத்துல பயந்துடுவேன்னு. தப்பு என்மேலதான்," என்றார். 68 வயதில் ஐந்து வயதுக்காரியிடம் அப்படி நேராக மன்னிப்புக் கேட்க எத்தனை பேருக்கு வரும்? பெரியவள் வெகுநேரம் கழித்து, "இன்னைக்கு அடிக்குமா?" என்றாள்.

காலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அதே சிறிய கோவிலுக்குப் போய்விட்டோம். உபதேசியார் மணிக்கூண்டடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். அத்தைதான் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் பெரியவளைக் கூப்பிட்டார்.

கயிறு அவள் மணிக்கட்டைவிடத் தடிமன். நுனியில் முடிச்சு, பல வருஷக் கைகள் பட்டு வழவழவென்றிருந்தது. அவள் கைக்கு மேலே அவர் கை. முதல் இழுப்பில் சத்தமே வரவில்லை. மேலே ஏதோ கனமாக அசைவது மட்டும் கயிறு வழியாகத் தெரிந்தது. அவள் பயந்து என்னைப் பார்த்தாள். "முதல்ல அப்படித்தான் பாப்பா. அது முழிக்கணும்ல. விடாம இழு," என்றார். இரண்டாவது இழுப்பு. மூன்றாவதில் மணி பேசியது. கயிறு மேலே போகும்போது அவளையும் ஒரு சாண் தூக்கியது. இறங்கினாள், இழுத்தாள், மறுபடி தூக்கியது. ஊர் நாய்கள் குரைத்தன. எதிர் வீட்டில் ஒருவர் பல் துலக்கியபடியே வெளியே வந்து பார்த்தார். எத்தனை முறை அடித்தாள் என்று எண்ணவில்லை. இறங்கி வந்தபோது உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. அதை முதலில் அப்பாயியிடம்தான் காட்டினாள். அத்தை ஒவ்வொரு கையிலும் ஊதிவிட்டார்.

மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்துவிட்டது. விடுதிப் பக்கத்தில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அத்தை கோழிக் குழம்பு வைத்தார். தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்கவில்லை. ஒரு மாதமாகப் பெரியவள் ஒரு பையில் சேர்த்து வைத்த வெங்காயச் சருகைப் போட்டு முட்டைகளை வேக வைத்தோம். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கொத்தமல்லித் தழையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி. அவிழ்த்தால் முட்டை செங்கல் நிறத்தில், தழை இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய், நரம்பு நரம்பாக இலை. அந்தக் காலத்தில் மேல்நாடுகளில் தவக்காலம் முழுக்க முட்டையும் விலக்கு. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளை ஈஸ்டருக்குத்தான் எடுப்பார்கள். சின்னவன் தன் முட்டையை உடைக்க விடவே இல்லை, கையில் வைத்துக்கொண்டே தூங்கினான்.

மூன்றரை மணிக்கு மேல் ரோமிலிருந்து ஈஸ்டர் ஆசீரை போனில் பார்த்தோம். திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்தார். நுரையீரல் நோயோடு 38 நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியவர். குரல் மெலிந்திருந்தது. வாழ்த்து மட்டும் சொன்னார், செய்தியை வேறொருவர் வாசித்தார். அப்புறம் காரில் கூட்டத்துக்குள் வந்து, தூக்கிக் கொடுத்த குழந்தைகளை ஆசீர்வதித்தார். "தாத்தாவுக்குக் காய்ச்சலா?" என்று பெரியவள் கேட்டாள்.


திங்கள், ஏப்ரல் 21 (திருச்சி, இரவு)

காலையில் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். ரயில் தஞ்சாவூரைத் தாண்டியபோது அவர் போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துவிட்டார். ரோம் நேரப்படி காலை 7:35. வயது 88. நேற்று மதியம் பார்த்த அதே முகம்.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாவும் வேளாங்கண்ணியிலிருந்து வருகிறவர். மடியில் எண்ணெய் பாட்டில். சிலுவை போட்டுக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். அத்தை தன் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டார், பக்கம் திருப்பவில்லை. பெரியவளிடம் நேராகவே சொன்னேன். "நேத்துப் பாத்தோமே, அந்தத் தாத்தா இறந்துட்டாங்க."

"ஈஸ்டர் முடிஞ்சதும்மா?"

"ஆமா. முடிச்சுட்டு."

அவள் தன் முட்டையை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து, பைகளைப் பிரித்து, துணிகளிலிருந்து மணலை உதறிக்கொண்டிருந்தபோது எங்கள் பங்குக் கோவில் மணி அடித்தது. துக்க மணி. ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு ஒன்று. பெரியவள் வாசலுக்கு ஓடினாள். படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். அடுத்தது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னும் ஒன்று. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பாவம்மா, தனியா இழுக்குறாங்க போல," என்றாள். "அந்தக் கயிறு ரொம்ப கனமா இருக்கும்."